அக்காவுக்கு, பச்சை வயர் பற்றி

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த லாட்ஜை இடிக்கப்போகிறோம், முதலில் வந்து கரண்ட் லைனையெல்லாம் கழற்றிக் கொடு என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மொட்டை மாடி வரைக்கும் ஏறினேன். நம் மேடை இருந்த மூலையில் தகரக் கூரை பாதிதான் மிச்சம். அதற்கு அடியில் ஒரு பலகைப் பெட்டி, பெட்டிக்குள் எலிப் புழுக்கையோடு பழைய மைக் ஒன்று. தலையில் இருக்கிற வலை நசுங்கியிருந்தது. திருகிக் கழற்றினேன். உள்ளே இருந்த பஞ்சிலிருந்து கிராம்பு வாசனை அடித்தது.

மாடியை மூடி நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவ்வளவு நாள் ஒரு பஞ்சில் கிராம்பு வாசனை நிற்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. இருந்தாலும் அடித்தது. பாடப் போகும் முன் கன்னத்துக்குள் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள்கிற ஆள் கள்ளக்குறிச்சியில் ஒருத்திதான் இருந்தாள். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட வந்திருந்தவன் பதறிப்போய், “இன்னாண்ணா, ஷாக்கா?” என்று கேட்டான். “இல்ல” என்றேன். ஷாக்கா என்று கேட்டால் இல்லை என்று சொல்வது என் வாய்க்குப் பழகின வேலை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. “நீ பேசுறதுக்கு பதிலா ஸ்பேனர எடுத்து வீசிடுடா தம்பி, கம்மியா வலிக்கும்” என்பாய். ஆனால் இதை வரிசையாகத்தான் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு ஒரு தடவை சொல்லி, நீ நம்பாமல் போனது போதும்.

பாலிடெக்னிக் முடித்த கையோடு மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் சவுண்டு பார்க்கச் சேர்ந்தேன். மாஸ்டர் கீபோர்டு வாசிப்பவர், குழுவுக்கு முதலாளியும் அவரேதான். எனக்கு இருபத்தொரு வயது. மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழுவில் பாடுகிறவள் நீ, நைனார்பாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாய். காலையில் யாரோ ஒருத்தருடைய மரவள்ளிக் காட்டில் களை எடுத்துவிட்டு, நக இடுக்கில் மண்ணும் தலையில் கனகாம்பரமுமாக.

“இன்னா படிச்சிருக்க?” என்று கேட்டாய்.

“டிப்ளமாங்க. எலக்ட்ரிக்கல்.”

“ஒயரு மேலியே குந்திக்கினு இருக்கியே, அது எந்த வருசத்துல சொல்லிக் குடுத்தாங்க?”

குழுவே சிரித்தது. அன்றையிலிருந்து எனக்கு டிப்ளமா என்றுதான் பெயர்.

இப்போது யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், இந்த ஊரில் உட்கார்ந்து பாட்டு கேட்க இடங்கள் இருந்தன. சேலம் ரோட்டில் படம் ஓட்டுவதை நிறுத்திவிட்ட தியேட்டர் ஒன்று. திரையைக் கழற்றிவிட்டு மேடையை மட்டும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் குழு. முன்வரிசை நாற்காலிகளில் ஸ்பிரிங் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், வருகிறவர்கள் வீட்டிலிருந்தே துண்டு கொண்டுவந்து விரித்து உட்காருவார்கள். தியாகதுருகத்தில் ஒரு கல்யாண மண்டபம், அதன் மேடையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். வெயில் காலத்தில் கல்வராயன் மலைக்கு மேலே கூப்பிடுவார்கள், வெள்ளிமலையில் பனிமூட்டத்துக்குள் ஆட்களே தெரியாமல் கைதட்டல் மட்டும் கேட்கும். அப்புறம் இந்த லாட்ஜ் மொட்டை மாடி. சுற்றிலும் சீரியல் பல்பு, நடுவில் பத்துப் பன்னிரண்டு மேசை, மூலையில் நாம். மாஸ்டர் இதை “நம்ம ஊரு நைட் கிளப்பு” என்பார். “நைட்டு இருக்குது, கிளப்பு எங்க மாஸ்டர்?” என்று நீ தேடுகிற மாதிரி எட்டிப் பார்ப்பாய்.

அப்போது உனக்குப் பயம் என்பதே கிடையாது. ஒரு சனிக்கிழமை அந்த மாடியில் ஒருத்தன் நன்றாகக் குடித்துவிட்டு மேடை வரைக்கும் வந்து, கையைக் கூப்பிக்கொண்டு அதே பாட்டை நாலாவது தடவை கேட்டான். நீ மைக்கிலேயே சொன்னாய்: “அண்ணே, குந்தி கேளு. நின்னுக்கினு கையக் கூப்பிக்கினு கேட்டா, நான் இன்னா கல்லுன்னு நெனச்சியா?” மாடியே சிரித்தது. அவன் போய் உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் குழுவை நடத்தியது தியேட்டரும் லாட்ஜும் இல்லை. அம்மன் கோயில் திருவிழாக்கள்தான். ஆடி மாதம் முழுக்க ஊர் ஊராகப் போவோம். எல்லா ஊரிலும் ஒரே வழக்கம்: முதல் பாட்டு அம்மனை அழைக்கிற பாட்டு. அதற்கு மேடையில் இருக்கிற எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும். அந்தப் பாட்டு முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டு சினிமாப் பாட்டுக்குப் போகலாம். நீ உன் ரப்பர் செருப்பைக் கழற்றி மேடை ஓரத்தில் ஜோடியாக வைப்பாய். அந்த ஐந்து நிமிஷம் உன் வெறும் காலுக்கும் தரைக்கும் நடுவில் எதுவும் இருக்காது. எனக்கு அது அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மலை அடிவாரம், கச்சிராயபாளையம் போகிற வழி. ஆடி வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஒரு மழை போட்டு விட்டிருந்தது. மேடைப் பலகை ஊறியிருந்தது, மேலே போட்டிருந்த சணல் சாக்கு ஊறியிருந்தது. ஜெனரேட்டர் கோயிலுக்குப் பின்னால். எல்லாவற்றையும் இணைத்து மைக்கைத் திறந்தால் ஸ்பீக்கரில் ஒரு உறுமல். உர்ர்ர் என்று, நிற்கவே இல்லை.

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பக்கமிருந்தும், மைக் வயரெல்லாம் வந்து சேருகிற மிக்சருக்கு இன்னொரு பக்கமிருந்தும் கரண்ட் எடுத்திருந்தேன். எர்த் இரண்டு வழியில் போனால் அப்படி உறுமும். சரியான வேலை என்றால், எல்லா வயரையும் சுருட்டி, ஒரே இடத்திலிருந்து மறுபடி இழுக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும். தப்பான வேலை என்றால், மிக்சரின் பிளக்கைத் திறந்து பச்சை வயரைப் பிடுங்கிவிடலாம். அரை நிமிஷம்.

பச்சை வயர்தான் எர்த். எங்காவது கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் கொண்டுபோய் விடுகிற வயர். அது இல்லையென்றால் கசிவு அப்படியே காத்துக்கொண்டிருக்கும். முதலில் தொடுகிற ஆள் வழியாக மண்ணுக்குப் போகும். இது முதலாம் வருஷப் பாடம்.

கூட்டம் ஆரம்பித்துவிட்டது. “டேய், பாட்டு போடுறியா, மாவு மிஷினு ஓட்டுறியா?” என்று ஒரு குரல். “அரைச்சி முடிச்சா சொல்லுப்பா, தூக்கு எடுத்தாறோம்!” என்று இன்னொன்று. பெண்கள் பக்கமும் சிரிப்பு. மாஸ்டர் கீபோர்டுக்கு மேல் குனிந்து, “இன்னாடா பண்ற, மானம் போவுது” என்றார். என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். பிளக்கைத் திறந்தேன். பிடுங்கினேன். உறுமல் நின்றுவிட்டது. சுத்தமான அமைதி. மாஸ்டர், “படிச்சவன் படிச்சவன்தான்யா” என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அக்கா. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மிக்சருக்குள் ட்ரான்ஸ்ஃபார்மர் ஈரத்தில் கசிந்துகொண்டிருந்தது. பச்சை வயர் இருந்தவரைக்கும் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது மிக்சரின் தகட்டில் ஏறி, மைக் வயருக்குள் இருக்கிற கம்பி வலை வழியாக, மைக்கின் இரும்பு வரைக்கும் வந்து நின்றது.

நீ செருப்பைக் கழற்றி வைத்தாய். கன்னத்தில் கிராம்பை ஒதுக்கினாய். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாய்.

இரண்டாவது வரியில் குரல் நின்றது. ஸ்பீக்கரில் மூச்சு மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. உன் தலை பின்னால் சாய்ந்தது. கொண்டை அவிழ்ந்து முடி தோளில் விழுந்தது. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, கண் மேலே போயிருந்தது.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் வீறிட்டாள்: “ஆத்தா வந்துட்டா! கூப்ட ஒடனே வந்துட்டாடி!”

அவ்வளவுதான். பம்பைக்காரர்கள் இரண்டு பேரும் எழுந்து அடிக்க ஆரம்பித்தார்கள். ஓம் சக்தி, பராசக்தி என்று ஊரே எழுந்து நின்றது. குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். மாஸ்டர் கீபோர்டை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். உன்னை ஒருத்தரும் தொடவில்லை. சாமி வந்த உடம்பை யார் தொடுவார்கள்? நீ செத்துக்கொண்டிருந்தாய், அத்தனை பேரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நானும் நின்றேன். இரண்டு விநாடியோ மூன்று விநாடியோ. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. என் கையும் பாதி வரைக்கும் கூப்பி வந்துவிட்டது. அப்புறம்தான் உன் விரல்களைப் பார்த்தேன். சாமி ஆடுகிறவர்களின் கை விரியும், வீசும். உன் கை மூடியிருந்தது. முட்டியெல்லாம் வெளுத்து, இரும்பைக் கவ்விக்கொண்டிருந்தது. திறக்க முடியாமல் மூடிக்கொண்ட கை அது.

அதே நேரத்தில் பூசாரி கோயிலுக்குள்ளிருந்து ஓடி வந்தார், கையில் பித்தளைக் குடம். மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை. சாமி வந்தவர்களின் தலையில் ஊற்றுகிற தண்ணீர். மேடைப் படியில் ஒரு கால் வைத்துவிட்டார்.

நான் எப்படிக் குதித்தேன் என்று எனக்குத் தெரியாது. மேடையின் பின்பக்கம் விழுந்து, பிளக் போர்டை வயரோடு சேர்த்து இழுத்தேன். விளக்கு போனது, ஸ்பீக்கர் போனது. நீ விழுந்த சத்தம் கேட்டது. அடுத்ததாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நடுவில் ஒரு விநாடி இருந்திருக்கும். இன்றைக்கும் தூக்கத்தில் நான் அந்தப் போர்டை இழுக்கிறேன். சில நாள் அது கையோடு வருவதில்லை.

யாரோ பெட்ரோமாக்ஸ் கொண்டுவந்தார்கள். நீ மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாய். கீழ் உதட்டில் பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம், வெள்ளையாக. பூசாரி உன் முன்னால் மண்டி போட்டுக்கொண்டு, “தாயே, இன்னா கொற வெச்சோம், சொல்லும்மா” என்றார். உனக்கு நாக்கு புரளவில்லை. கடைசியில், “தண்ணி” என்றாய்.

“ஆத்தா தண்ணி கேக்குறா!” ஊர்ப் பெண்கள் கைப்பம்புக்கு ஓடினார்கள். குடம் குடமாகக் கொண்டுவந்து அம்மன் சிலைக்கு ஊற்றினார்கள். உனக்கு ஒரு டம்ளர் கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எனக்கும் தோன்றவில்லை. நான் மேடைக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து, செல்போனைப் பல்லில் கவ்விக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் பச்சை வயரை மறுபடி பிளக்கில் மாட்டித் திருகிக்கொண்டிருந்தேன். யாராவது திறந்து பார்த்துவிட்டால்? பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். “கரண்டா இருக்குமோ?” என்றான் ஒருத்தன். “கரண்டா இருந்தா அந்த செட்டுக்காரன் கைய ஒடிச்சிற மாட்டோம்?” என்றான் இன்னொருத்தன். என் விரல் வழுக்கி ஸ்க்ரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. தேடி எடுத்து மாட்டினேன்.

வேனில் திரும்பி வரும்போது நீ ஜன்னல் ஓரமாகத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கோமுகி ஆற்றுப் பாலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய்.

“டிப்ளமா. நெசத்த சொல்லு. கரண்டா அது?”

முன்சீட்டிலிருந்து மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போகும், போலீஸ் வரும், சர்டிஃபிகேட் போகும், அப்பா என்ன சொல்வார் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. நான் வழக்கம்போல வெடுக்கென்று சொன்னேன்.

“இல்லக்கா. லைன் எல்லாம் பக்காவா இருந்துச்சு. வோணும்னா பிளக்க தொறந்து பாத்துக்க.”

நீ தலையாட்டினாய். நான் பொய் சொல்வேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. முகத்துக்கு நேராகப் பேசுகிறவன் என்று எனக்குப் பெயர் இருந்தது, அந்தப் பெயர் அன்றைக்கு எனக்கு உதவியது. மாஸ்டரும் மற்றவர்களும் டீ குடிக்க இறங்கினபோது, நீ யாருக்கும் கேட்காமல் சொன்னாய்: “அப்போ சரிதான். நான் தூரம்டா தம்பி. மூணாம் நாளு. பாட ஆளு இல்லன்னு மாஸ்டர் கெஞ்சுனாரு, ஏறிட்டேன். அவ சன்னதில, அவ பாட்ட பாடிக்கினு... ஏறியிருக்கக் கூடாது. கேட்டுட்டா.”

அப்போது சொல்லியிருக்கலாம். வேனில் நாம் இரண்டு பேர்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா, கண்ணாடியை ஏற்றிவிட்டேன். குளிருதில்லக்கா என்று கேட்டேன்.

அதற்கப்புறம் நீ கோயில் மேடை ஏறவில்லை. மாஸ்டர் கெஞ்சினார், கத்தினார். “ஆடி மாசம் கோயிலு வாணாம்னா, நான் இன்னா ஆஸ்பத்திரிலயா கச்சேரி வெப்பேன்?” என்றார். “வெய்யி மாஸ்டர், வந்து பாடுறேன்” என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் எந்த ஊர் என்றாலும் முதல் கேள்வி, “பக்கத்துல கோயிலு எவ்ளோ தூரம்?” என்றாகிவிட்டது. வெள்ளிமலை மேடைக்குப் போனபோது பனியில் எதுவும் தெரியவில்லை என்று என்னை இறக்கி, நாலு பக்கமும் நடந்து பார்த்துவரச் சொன்னாய். தியாகதுருகம் மண்டபத்தில் ஒரு வரவேற்பு. பாட்டு நடுவில் வெளியே தெருவில் கரகம் போயிற்று. பம்பைச் சத்தம் கேட்டதும் நீ மைக்கை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய் வேனுக்குள் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். பெண் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். அதோடு அந்த மண்டபமும் போயிற்று.

உனக்குப் பயமில்லாமல் பாட இரண்டு இடம்தான் மிச்சம் இருந்தது. தியேட்டர், அப்புறம் லாட்ஜ் மாடி. நான் ஒரு நாள் மாடியில் கேட்டேன், “குடிகாரனுங்க நடுவுல பாடுறதுக்கு உனக்குப் பயமா இல்லியாக்கா?”

“குடிகாரனுக்குப் பயந்தா படி எறங்கி வூட்டுக்குப் போயிடலாம்டா. அவளுக்குப் பயந்தா எங்க எறங்குறது?”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அடுத்த பாட்டை எடுக்க மாஸ்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை கொடுத்துவிட்டார். எண்ணிக்கைமேல் பழி போடுகிறேன், பார். பாட்டு முடிந்ததும் சொல்லியிருக்கலாமே?

மாவட்டம் பிரிந்த வருஷம் தியேட்டரை விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே டைல்ஸ் கடை. நீ நின்று பாடின இடத்தில் வாஷ்பேசின்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஊரடங்கு வந்து லாட்ஜ் மாடியை மூடினார்கள், அதற்கப்புறம் திறக்கவில்லை. ஆள் வைத்துப் பாடவைப்பதற்குப் பதிலாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் ஒரு லேப்டாப்பும் போதும் என்று ஊரெல்லாம் கண்டுபிடித்துவிட்டது. மாஸ்டர் கீபோர்டை விற்றார். நான் வயரிங் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தேன். ஊரைப் பொறுத்தவரைக்கும் பாட்டு கேட்க இருந்த இடங்கள் போயின. உனக்கோ ஒளிந்துகொள்ள இருந்த இடங்கள் போயின. மரவள்ளிக் காட்டில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் ஒரு பாட்டு பாடு என்றால்கூடத் தொண்டை போயிடுச்சு என்று சொல்லிவிடுவாயாம். உன் வீட்டுக்காரர்தான் சொன்னார். பெங்களூரில் கொத்து வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன், அவளுக்குக் கிட்னி இரண்டும் சரியில்லை, வந்து பாரேன்பா என்று போனில் சொன்னபோது.

ஆஸ்பத்திரிக்கு மத்தியானம் வந்தேன். உன் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நீ பாதி ஆளாக இருந்தாய். நான் உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த மெஷினின் பிளக்கைப் பார்த்தேன். மூன்று பின்னும் இருந்தது. நீ அதைக் கவனித்துவிட்டாய்.

“இன்னும் ஒயரதான் பாத்துக்கினு இருக்கியா? கல்யாணம் பண்ணிக்கடா.”

உன் வீட்டுக்காரர் டீ வாங்கப் போனார். நீ மெதுவாகச் சொன்னாய்: “அவ இன்னும் வுடல பாரு. பாடுறத நிறுத்துனது பத்தல போல இருக்குது. ஆடி ஆடிக்கு கூழு ஊத்துனேன், மன்னிச்சிக்கன்னு கேட்டேன். வுடல.”

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும். உறுமல், அரை நிமிஷம், பச்சை வயர், இருட்டில் மறுபடி மாட்டினது. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கு ஒழுக, வார்த்தை தடுமாற, என் வாழ்க்கையில் அவ்வளவு மென்மையாக நான் யாரிடமும் பேசியதில்லை. அதுதான் தப்பாகிப்போயிற்று.

நீ ஊசி குத்தாத கையால் என் தலையைத் தடவினாய்.

“எனக்கோசரம் ஒரு பொய்ய கட்டிக்கினு வந்திருக்க பாரு.”

“பொய் இல்லக்கா. அம்மா மேல சத்தியமா.”

“அன்னிக்கே கேட்டேன். மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லன்ன. நீ மொறப்பா சொன்னா அது நெசம்டா. இப்பிடி அழுதுக்கினு, நைசா நைசா பேசுறியே, இது நீயே இல்ல. சாவப்போறவளுக்கு நல்ல வார்த்த சொல்ல யாரோ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க.”

நான் கத்தியிருக்க வேண்டும். உனக்கு அறிவிருக்கா, ட்ரான்ஸ்ஃபார்மர் கசிந்தது, உன் மேல எவளும் வரல என்று அந்த வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருந்தால் நீ நம்பியிருப்பாய். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

கதவு வரைக்கும் போய்விட்டேன்.

“டேய், டிப்ளமா.”

திரும்பினேன். நீ என்னைப் பார்க்கவில்லை. உன்னிடமிருந்து போய் உன்னிடமே வருகிற அந்தச் சிவப்புக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“ஒரு பேச்சுக்கு, நீ சொல்றது நெசம்னே வெச்சுக்கலாம். அப்போ இத்தினி வருசம் நான் ஆருக்குடா பயந்துக்கினு இருந்தேன்?”

நர்ஸ் வந்து நேரம் ஆகிவிட்டது, வெளியே போங்க என்றார். போய்விட்டேன். அதற்கு மூன்றாம் நாள் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் கேள்விக்குப் பதில் அந்தக் கதவிலேயே எனக்குத் தெரியும், அக்கா. இப்போது அழாமல், மென்மை இல்லாமல் எழுதுகிறேன், நம்பு. இருபத்தொரு வயதுக்காரன் ஒருத்தன் தன் வேலை போய்விடும் என்று பயந்தான். அந்தப் பயத்தைத்தான் நீ அம்மன் என்று நினைத்துக்கொண்டு எட்டு வருஷம் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அளந்து பார்க்க முடியாத எதையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் கச்சிராயபாளையம் பக்கம் வேலை வந்தால் அந்த ஊர் வழியாக வண்டியை விடுவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன். கூட வருகிறவன் ஏண்ணா என்று கேட்டால் ரோடு சரியில்லை என்கிறேன். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் தெரியாமல் அந்தத் திருப்பம் வரைக்கும் போய்விட்டேன். கோபுரத்து வர்ணம் மரங்களுக்கு மேல் தெரிந்ததும் ஹேண்டில்பாரில் என் இரண்டு கையும் வேர்த்து வழுக்கியது. நான் செய்ததை அவள் தலையில் போட்டுவிட்டு, அவள் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டு வருஷம் இருந்தவன் நான். அவள் இல்லையென்றால் ஒன்றுமில்லை. இருந்தால், உன்மேல் அவளுக்கு ஒரு நாளும் கோபம் இருந்திருக்காது, அக்கா. என்னைத்தான் தேடிக்கொண்டிருப்பாள்.